மஞ்சள் கோட்டுக்கு முன்னால்

தாம்பரம் மேம்பாலத்தில் இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. நான் பிரேக்கை மிதிக்கிறேன், ஜீப் நிற்கப் பார்க்கிறது, பின்னால் கட்டியிருந்த ட்ரெய்லர் மட்டும் "போ, போ" என்று தள்ளுகிறது. கல்யாணப் பந்திக்கு நிற்கும்போது பின்னால் இருப்பவர் தள்ளுவாரே, அந்த மாதிரி. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. அதில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். அவள் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிவிடும் தூரத்தில்தான் வண்டி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தே விட்டிருந்தார்.

"நின்னுடுச்சு பார்த்தியா? எல்லாம் அவன் செயல்" என்றார்.

"அவன் செயலா? என் கால் செயல்! கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு எனக்கு!" என்று கத்தினேன்.

எனக்கு முன்கோபம் என்று எங்கள் சொந்தத்தில் பேர். பேர் என்ன பேர், உண்மைதான். என் கணவருக்குக் கோபமே வராது, அதுவே எனக்குப் பாதிக் கோபம். எங்கள் டிபன் வண்டியில் வேலைப் பங்கீடு இப்படி: சமையல் இரண்டு பேரும், வண்டி ஓட்டுவது நான், சாமி கும்பிடுவது அவர். சைக்கிளில் ஏறினாலே "முருகா" என்கிற மனிதர், ஸ்டியரிங் பக்கமே வந்ததில்லை. நான் ஓட்டுவேன், அவர் எலுமிச்சம்பழத்தோடு பக்கத்தில் இருப்பார்.

அந்த ட்ரெய்லரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்னது, இரண்டே சக்கரம். பக்கவாட்டுப் பலகையைத் தூக்கி நிறுத்தினால் கடை, இறக்கினால் பெட்டி. ஒரு சின்ன வயதுத் தம்பதி ஊர் ஊராகப் போய் அதிலேயே படுத்துத் தூங்கலாம் என்று ஆசையாகச் செய்யச் சொல்லி வாங்கியது. ஏலகிரிக்கு ஒரு தடவை போனார்களாம். கொசுவோ குளிரோ, திரும்பி வந்ததும் விற்பனைக்கு வைத்துவிட்டார்கள். ஆனால் வசதியில் குறை வைக்கவில்லை. இந்தப் பக்கம் யாரும் பார்த்திராத எலெக்ட்ரிக் பிரேக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். ஜீப்பில் நான் பிரேக்கை மிதித்தால், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சின்னப் பெட்டி அதைத் தெரிந்துகொண்டு பின்னால் கரண்ட் அனுப்பும். ட்ரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு காந்தம். கரண்ட் வந்ததும் அது சுற்றுகிற டிரம்மில் ஒட்டிக்கொண்டு பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று பெட்டியில் ஒரு திருகு, ஒன்றிலிருந்து பத்து வரை. ட்ரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு சின்ன நெம்புகோல். எல்லாம் பிரமாதமான ஏற்பாடு. பிடித்தால்!

வேறு சமயமாக இருந்தால் வண்டியைக் கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிச் சமாளித்திருப்பேன். ஆனால் திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. பெருங்களத்தூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனி வளாகம். உள்ளே காலை டிபன் கடை போட இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருகிறார்களாம். இடமெல்லாம் சரி, போகிற வழிதான் கேட்டைத் தாண்டியதும் செங்குத்தான சரிவு. சரிவு முடிகிற இடத்தில் தரையில் ஒரு மஞ்சள் கோடு, அதற்கு அப்பால் ஆட்கள் நடக்கிற பாதை. அங்கே பாதுகாப்பு அதிகாரி ஒருவர், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையைக்கூட ஸ்கேல் வைத்து வெட்டியது போலிருக்கும்.

"ஃபுல் லோடோட வாங்க மேடம். சரிவுல இறங்கி மஞ்சள் கோட்டுக்கு முன்னால நிக்கணும். கோட்டைத் தொட்டாக்கூட ஸாரி. சாண்ட்விச் போடறவர் ஒருத்தர் வெயிட்டிங்ல இருக்கார்" என்றார்.

சாண்ட்விச்! காலங்காத்தால ரொட்டிக்கு நடுவில் வெள்ளரிக்காயை வைத்துக் கொடுப்பவனிடம் என் பொங்கல் தோற்பதா? அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த வண்டியை வாங்கினேன். அன்றிலிருந்து என் அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் "என்னம்மா, தள்ளுவண்டி எப்படி ஓடுது?" என்றுதான் ஆரம்பிப்பான். இதுவரை முடிச்சூர் ரோட்டோரமாக நின்று, "இங்க போடாதீங்க, அங்க போடாதீங்க" என்று எல்லோரிடமும் பேச்சு வாங்கியது போதும் என்றிருந்தது. எனக்கென்று ஒரு இடம் வேண்டும். அந்த இடம் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

முதலில் திருகைப் பத்து வரை திருப்பி வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை காலை பம்மலிலிருந்து ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தேன். வாய்க்கு ஓய்வே கொடுக்காத ஆள். வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், ட்ரெய்லரின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.

மூக்கு என்று நான் சொல்வது, ஜீப்போடு மாட்டுகிற கொக்கிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தை. அதில் தலை உருண்டையான ஒரு போல்ட். வண்டி வாங்கிய அன்று கோயில் வாசலில் பூஜை போட்டபோது, பளபளவென்று நடுநாயகமாக இருந்ததால் குருக்கள் சந்தனமும் குங்குமமும் அதற்குத்தான் வைத்தார். அன்றோடு அந்த போல்ட் சாமியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் என் கணவர் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பூச்சுற்றுவார். ஆயுத பூஜைக்குப் பாலும் பன்னீரும் அபிஷேகமே நடந்தது. பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம் ஏறி ஏறி, இப்போது அது போல்ட் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தெருவில் கீரை கொண்டுவருகிற அம்மாகூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அதைக் கும்பிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போவார்.

"இன்னாக்கா, பிரேக் ஆயில் எங்க ஊத்தறது இதுல?" என்று வண்டியைச் சுற்றி வந்தார் எலெக்ட்ரீஷியன்.

"ஆயிலே கிடையாது. கரண்ட்ல பிடிக்கிற பிரேக்."

"கரண்ட்லயா? அப்போ பவர் கட்டானா இன்னா பண்ணுவே?"

"ஏங்க, பேட்டரிங்க! வீட்டு கரண்டா இழுத்துட்டுப் போறேன்?"

"அத்த மொதல்லயே சொல்லணும் இல்ல? சரி, வெள்ளத்துல நின்ன வண்டியா இது?"

எங்கள் முடிச்சூர் ஒரு தடவை வெள்ளத்தில் மூழ்கியதிலிருந்து, ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், மாப்பிள்ளை பார்க்க வந்தாலும் இந்தக் கேள்விதான். இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஆனால் ஆள் வேலையில் சோம்பேறி இல்லை. ட்ரெய்லரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து பார்த்தார். பிரேக் ஷூ தேயவில்லை. கிரீஸ் கசியவில்லை. ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வைத்து முடுக்கினார். ஜீப்புக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே இருக்கும் பிளக்கைக் கழற்றி அதன் முள்ளையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு சோதனை. என் கணவர் தூக்கி நிறுத்திய சக்கரத்தைக் கையால் சுற்றுவார், நான் ஜீப்பில் உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளுவேன்.

"பிடிக்குதா?"

"பிடிக்குதும்மா. லேசா. கைக்குழந்தை விரலைப் பிடிக்கும் பார், அப்படி."

"நான் என்ன கொஞ்சறதுக்கா பிடிக்கச் சொன்னேன்?"

எலெக்ட்ரீஷியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "காந்தம் பூட்ச்சுக்கா. இது வெளிநாட்டு மாலு. சொல்லிவெச்சா வர ஒரு மாசம் ஆவும். திங்கக்கெழமைக்குலாம் சான்ஸே இல்ல." பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மறக்காமல் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் சத்தம் போட்டன. நான்தான் போட வைத்தேன். என் கணவர் சத்தம் காட்டாமல் ஒரு கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு வெளியே போனார். வெள்ளிக்கிழமைகூட இல்லை. ஸ்பெஷல் பூஜையாம். வந்த ஆத்திரத்தில் கரண்டியை வீசலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மனசு கேட்காமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, விளக்கைப் போட்டுவிட்டு நெம்புகோலைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் குடையோடு நின்றிருந்த என் கணவர், "ஏம்மா, நீ அதைத் தள்றப்பல்லாம் ட்ரெய்லர் லைட்டு மங்குது. பாவம், அதுக்கும் கூச்சம் போல" என்றார்.

"என்னது? திரும்பச் சொல்லுங்க."

"மங்குது. விட்டா பளிச்சுன்னு ஆகுது."

"ஜீப் லைட்டு?"

"அது கல்லு மாதிரி எரியுது."

இறங்கி ஓடிப்போய் நானே பார்த்தேன், அவரைத் தள்ளச் சொல்லி. நிஜம்தான். பேட்டரியில் பலமில்லை என்றால் ஜீப் விளக்கும் சேர்ந்து அழ வேண்டும். காந்தம் செத்திருந்தால் அது கரண்டையே கேட்காது, விளக்கு ஏன் மங்குகிறது? காந்தம் கேட்கிறது, கரண்ட் போதவில்லை, அதனால் விளக்கிடமிருந்து பிடுங்குகிறது. அப்படியென்றால் கோளாறு நடுவில் எங்கேயோ இருக்கிறது. எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். பிரியாணி வாயோடு பேசியவர், விளக்குக் கதையைக் கேட்டதும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

"அக்கா, போன கரண்ட் திரும்பி வரணும் இல்ல? எர்த்து கோளாறுக்கா அது! தோ வரேன்."

வந்தவர் நீளமான ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையை ஜீப் பேட்டரியின் எர்த் முனையில் மாட்டினார், இன்னொரு முனையை ட்ரெய்லரின் அச்சுக்குப் பக்கத்தில் இரும்பைச் சுரண்டிவிட்டுக் கவ்வவைத்தார். ஜாக்கியைப் போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கினார். என் கணவர் சக்கரத்தைச் சுற்றினார். நான் நெம்புகோலைத் தள்ளினேன்.

"டக்"கென்று ஒரு சத்தம். சக்கரம் நட்டுவைத்த கல்லாக நின்றது. அதைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அதே வேகத்தில் முன்னால் போய் மட்கார்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அம்மாடியோவ்!"

"சோக்கா புடிக்குதுக்கா!" என்று எலெக்ட்ரீஷியன் தெருவே கேட்கக் கத்தினார். நேற்று காந்தம் செத்துவிட்டது என்று சொன்னதே இவர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இப்போது ட்ரெய்லரின் சொந்த எர்த் ஒயர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பிளக்கிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் கிளம்பியது. மூன்று தலையும் குனிந்து, மூன்று விரலும் அதன் மேலேயே ஊர்ந்தன. சட்டத்தின் அடியில் போனது, ஒரு வளையத்துக்குள் நுழைந்தது, மேலே ஏறியது, கடைசியில் ஒரு சந்தன மேட்டுக்குள் போய் மறைந்தது. நேற்று வைத்த குங்குமம் அதன் மேல் பளிச்சென்று இருந்தது.

முதல் துளி மழை விழுந்தது.

"அக்கா," என்றார் எலெக்ட்ரீஷியன், குரல் இறங்கியிருந்தது. "வண்டில நான் மொத மொத தொட்டதே இத்ததான்."

"தொட்டீங்க இல்ல, அப்பவே கழட்டிப் பார்க்கறதுக்கு என்ன?"

"சாமி மேல எப்டிக்கா ஸ்பேனர் வெக்கறது?"

நியாயம்தான். வண்டியின் ஒவ்வொரு திருகையும் நோண்டிப் பார்த்த மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த ஒன்றை நோண்டத் தோன்றவில்லை. நானே அந்தப் பக்கம் போகும்போது கால் பட்டுவிடாமல் சுற்றித்தான் போவேன்.

"கொஞ்சம் இரும்மா" என்று என் கணவர் உள்ளே போனார். கற்பூரத் தட்டோடு வந்தார். குடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கற்பூரம் காட்டி, "தப்பா எடுத்துக்காதேப்பா" என்று போல்ட்டிடம் சொல்லிவிட்டு, எலெக்ட்ரீஷியன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். கல்யாணமான நாளாக ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடாத மனிதர். மூச்சைப் பிடித்துத் திருகினார். போல்ட் கழன்றபோது உள்ளே இருந்த ஒயரின் வளையம் பச்சை பூத்து, அவர் விரல் பட்டதும் பொடிந்து போனது. அடியில் துருவும் சந்தனமும் சேர்ந்து வரட்டியாக இறுகியிருந்தது. கொக்கி வழியாக ஏதோ கொஞ்சம் கரண்ட் திருட்டுத்தனமாகத் திரும்பிப் போனதால்தான் பிரேக் அவ்வளவாவது பிடித்திருக்கிறது.

அந்தப் பொடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நான்தானா?"

"வேற யாரு? பால் ஊத்தி, பன்னீர் ஊத்தி, பிரேக்கையே சாகடிச்சிருக்கீங்க! மேம்பாலத்துல போய்ச் சேர்ந்திருப்போம் ரெண்டு பேரும்!" வாய் என் பேச்சைக் கேட்பதே இல்லை.

அவர் கோபப்படவில்லை. வழக்கம்போல. "நீ ஓட்டற. எனக்கு ஓட்டவும் தெரியாது, ரிப்பேரும் தெரியாது. அந்த ட்ராஃபிக்ல நீ ஒருத்தியா மல்லுக்கட்டறதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா உட்கார்ந்து வரேன். உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நான் வேற என்னதான் பண்றது சொல்லு?"

இத்தனை வெள்ளிக்கிழமையும் அவர் வண்டிக்குப் பூஜை செய்கிறார் என்றே நினைத்திருந்தேன். செய்தது எனக்கு. இதைப் போய் எலெக்ட்ரீஷியன் முன்னால் சொல்ல வைத்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. எலெக்ட்ரீஷியனோ உப்புத்தாளைத் தேடுகிற மாதிரி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இரும்பைப் பளிச்சென்று தேய்த்து, புது வளையம், புது போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவினார்கள். "சார், இனிமே இதும் மேல தண்ணி, பாலு, பன்னீரு, ஒண்ணும் ஊத்தாத. பேஜாரா பூடும்" என்று எச்சரித்தார் எலெக்ட்ரீஷியன். என் கணவர் தலையை ஆட்டினார், முகம் மட்டும் வாடிப்போயிருந்தது. நான் உள்ளே போய்க் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உரித்துவந்து, போல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சட்டத்தில் ஒட்டினேன். "இனிமே இதுதான். காய்ஞ்ச பொட்டு. போதுமா?" அவர் முகம் மலர்ந்தது. எலெக்ட்ரீஷியன் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தெருவில் ஓட்டிப் பார்த்தேன். திருகு இன்னும் பத்திலேயே இருந்தது. லேசாக மிதித்ததுதான் தாமதம், ட்ரெய்லர் கிறீச்சிட்டு நின்ற நிற்பில் தெருநாய் ஒன்று சுவரேறிக் குதித்தது. திருகை இறக்கி இறக்கி, நாலில் வைத்தேன். ஆஹா! நான் நின்றால் அதுவும் நின்றது, நான் மெதுவானால் அதுவும் மெதுவானது. முட்டலும் முறைப்பும் இல்லாமல் கூடவே வந்தது.

திங்கட்கிழமை காலை முழுச் சுமை ஏற்றினோம். தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் நான் சொன்னேன். "பாஸாயிட்டா அங்கேயே வியாபாரத்தை ஆரம்பிச்சுடலாமே" என்றார் அவர். எனவே இட்லி, பொங்கல், வடை, சட்னி, ஒரு பெரிய அண்டா சாம்பார். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் போட்டு, அன்று அமைந்த மாதிரி சாம்பார் எனக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை. அண்டா வாயை மூடித் துணியால் கட்டினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பெருங்களத்தூர் வரை வண்டி பூப்போலப் போனது.

கேட்டில் நிறுத்திவிட்டு, அதிகாரி சொல்வதைக் கேட்க நான் மட்டும் இறங்கிப் போனேன். திரும்பி வந்து ஏறியபோது என் கணவர் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதிகாரி கீழே போய் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கையைத் தூக்கி நின்றார். அவருடைய ஷூ அங்கிருந்தே மின்னியது. அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் கூட்டமாக வேடிக்கை பார்த்தார்கள்.

வண்டியைச் சரிவில் இறக்கினேன். பாதி வழியில் அதிகாரி கையைக் கீழே போட்டார். நான் பிரேக்கை மிதித்தேன்.

கிறீச்!

ஜீப்பை யாரோ பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். சீட் பெல்ட் என் தோளை அறுத்தது. மஞ்சள் கோடு எங்கேயோ தூரத்தில் இருந்தது, நாங்கள் அசையாமல் நின்றோம். பின்னால் ட்ரெய்லருக்குள் மட்டும் "டமால்" என்று ஒரு சத்தம்.

"பத்துல வெச்சேன்மா" என்றார் என் கணவர் மெல்லிய குரலில். "நீ இறங்கிப் போனப்போ. சரிவைப் பார்த்தா பயமா இருந்துச்சு. சும்மா, ஒரு சேஃப்டிக்கு."

நான் பதில் சொல்வதற்குள் ட்ரெய்லரின் கதவிடுக்கிலிருந்து அது வந்தது. முதலில் ஒரு கோடாக, அப்புறம் ஓடையாக, அப்புறம் முருங்கைக்காயோடு. ஜீப்பின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நிதானமாக இறங்கி, மஞ்சள் கோட்டைத் தாண்டி, அதிகாரியின் ஷூவை நோக்கிப் போனது. பெருங்காய வாசனை வளாகம் முழுக்க எழுந்தது. வாழ்க்கையில் பின்வாங்கியே இராதவர் போலிருந்த அந்த மனிதர் இரண்டடி பின்வாங்கினார். என் இடம் போச்சு, சாண்ட்விச்காரன் ஜெயித்துவிட்டான் என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டேன்.

அதிகாரி வண்டியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கோட்டின் மேல் கிடந்த முருங்கைக்காயைப் பார்த்தார். மீசை ஒரு பக்கமாக அசைந்தது.

"மேடம், வண்டி பாஸ். சாம்பார்தான் கோட்டைத் தாண்டிடுச்சு."

கூட்டம் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வழிய. அன்று சட்னியோடு மட்டும் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. வந்த ஒவ்வொருவரும் "சாம்பார் இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். தரையைக் கழுவிக்கொண்டிருந்தவர் என் கணவர்.

கிளம்பும்போது திருகை மறுபடி நாலுக்குத் திருப்பினேன். அவர் அதைப் பார்த்த பார்வையே சரியில்லை. அடுத்த சரிவில் கை வைக்காமல் இருக்க மாட்டார். திட்டிப் பயனில்லை, இத்தனை வருஷம் திட்டிப் பார்த்தாயிற்று. ஜீப்பின் கண்ணாடி ஓரத்தில் அவசரத்துக்கு ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தேன். திருகின் மேல் பாதி, பெட்டியின் மேல் பாதி, நாலாம் எண்ணுக்கு நேராக அழுத்தி ஒட்டினேன்.

"இப்ப இதைத் திருகுவீங்களா?"

"சேச்சே" என்று பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.